ஏணியில்லாத லீக்கில் எதிர்பார்ப்பு என்பது என்ன?

கேரளா பிளாஸ்டர்ஸ் இந்தியன் சூப்பர் லீக்கின் இறுதியாட்டத்தில் மூன்று முறை தோற்றிருக்கிறது. 2014இல் மும்பையிலும் 2016இல் சொந்த ஊரான கொச்சியிலும் அதனை வென்றது அட்லெடிகோ டி கொல்கத்தா. 2022 மார்ச்சில் கோவாவின் ஃபத்தோர்தா மைதானத்தில் பெனால்டி முறையில் வென்றது ஐதராபாத் எஃப்சி. இன்று அந்த இரண்டு கிளப்புகளும் இல்லை. முதலாவது 2020இல் மோகன் பகானுடன் இணைக்கப்பட்டு, 2023இல் எஞ்சியிருந்த பெயரையும் இழந்தது. இரண்டாவது 2025இல் ஊரையும் பெயரையும் மாற்றிக்கொண்டு ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி ஆயிற்று. கோப்பை இன்னும் கேரளத்துக்கு வரவில்லை. கோப்பையைத் தட்டிப் பறித்தவர்களோ களத்திலேயே இல்லை. பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்ள எதிராளிகூட மிச்சமில்லாத ரசிகர் கூட்டம் ஒன்று உலகக் கால்பந்தில் இருக்குமானால், அது மஞ்சள் சட்டை அணிந்துதான் இருக்கும்.

இந்தச் சூழலில் புதிய பருவம் 2026 பிப்ரவரி 14 அன்று தொடங்கும் என்று அறிவிக்கப்பட்டது. வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்க வேண்டிய லீக் ஐந்து மாதம் பிந்தி, 14 கிளப்புகளுடன், ஒவ்வோர் அணியும் மற்றோர் அணியை ஒரே முறை சந்திக்கும் குறுக்கப்பட்ட வடிவில் திட்டமிடப்பட்டது. ஓர் அணிக்கு 13 ஆட்டங்கள். பதின்மூன்றை இரண்டாகப் பகுக்க இயலாது என்பதால், எல்லா அணிகளுக்கும் சொந்த மைதானத்தில் சம எண்ணிக்கையில் ஆட்டங்கள் கிடைப்பது கணக்கின்படியே சாத்தியமில்லை. இருந்தும் திருவனந்தபுரம் பாளையத்துத் தேநீர்க் கடைகளிலும் காரியவட்டம் வளாகத்து விடுதிகளிலும் கேட்கப்படும் கேள்வி மாறவில்லை: இந்த ஆண்டாவது கோப்பை வருமா?

கேள்வி இயல்பானது. அதற்கு முன்னால் கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று பதினைந்து ஆண்டுகளாகக் கேட்கப்படாமல் கிடக்கிறது. இந்தியக் கால்பந்தில் ஓர் அணி எந்த நிலையில் ஆட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது புள்ளிப்பட்டியலா, ஒப்பந்தப் பத்திரமா? பத்திரம்தான் என்றால், ரசிகரின் எதிர்பார்ப்பு என்று சொல்லப்படுவது சந்தைக்கான சரக்காக மட்டுமே மிஞ்சுகிறது. இந்தியக் கால்பந்தின் நிர்வாகம் ரசிகரின் எதிர்பார்ப்பை வருவாயாக எண்ணிப் பழகிவிட்டது. உரிமையாக ஒருபோதும் எண்ணவில்லை. வரவிருக்கும் பருவத்தின் மெய்யான பிரச்சினை இதுவே.

லீக்குகளைக் கலைத்து அடுக்கும் இந்த விளையாட்டு இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் கல்லூரி அணிகள் ஆடும் அந்நாட்டுக் கால்பந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறொரு ஆட்டம். அதில் பல்கலைக்கழகங்கள் வட்டார அடிப்படையில் ‘கான்ஃபரன்ஸ்’ எனப்படும் கூட்டமைப்புகளாகப் பிரிந்து ஆடிவந்தன. 2022 ஜூன் இறுதியில் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் லாஸ் ஏஞ்சலஸின் யுசிஎல்ஏவும் மேற்குக் கரையின் ‘பேக்-12’ கூட்டமைப்பிலிருந்து வெளியேறுவதாக அறிவித்தன. 2023 ஆகஸ்டுக்குள் அந்தக் கூட்டமைப்பு ஏறத்தாழக் கலைந்தது. ஒரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டு பல்கலைக்கழகங்கள் மட்டும் நடுத்தெருவில் நின்றன. பசிபிக் கரையில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு இன்று ‘அட்லாண்டிக் கோஸ்ட்’ கூட்டமைப்பில் ஆடுகிறது. ‘பிக் டென்’ என்ற பத்துப் பேர் கூட்டமைப்பில் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள். காரணம் தொலைக்காட்சிப் பணம். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலான உறவு இடுகுறித்தன்மை உடையது என்று மொழியியல் முதல் வகுப்பில் கற்பிக்கப்படுகிறது. ஒளிபரப்பு நிறுவனங்கள் அந்தப் பாடத்தை எல்லோரையும்விட நன்றாகக் கற்றிருக்கின்றன.

ஆயினும் அமெரிக்காவில் இடம் மாறியவை பல்கலைக்கழகங்கள். அணி வேறு கூட்டமைப்புக்குப் போனாலும் வளாகம் அதே ஊரில் இருக்கிறது. பெயரும் நிறமும் நீடிக்கின்றன. இந்தியாவில் நடந்தது இதைவிடக் கடுமையானது. இங்கே ஏணியின் படிகள் மாற்றப்பட்டதோடு நிற்காமல், அணிகளே ஊர்விட்டு ஊர் நகர்த்தப்பட்டன.

வரலாறு சுருக்கமாக: 1996-97இல் தேசியக் கால்பந்து லீக் தொடங்கியது. அதன் கீழே விரைவில் இரண்டாம் பிரிவும் வந்தது. ஏறவும் இறங்கவும் வழி இருந்தது. 2007-08இல் அது ஐ-லீக் ஆயிற்று. 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு, ஐஎம்ஜி-ரிலையன்ஸ் நிறுவனத்துடன் பதினைந்து ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய் மதிப்பில் ஓர் ஒப்பந்தம் செய்தது. இந்தியக் கால்பந்தின் வணிக உரிமைகள் அனைத்தும் அந்தப் பத்திரத்தின் வழியே கைமாறின. 2014இல் எட்டு அணிகளுடன் இந்தியன் சூப்பர் லீக் பிறந்தது. ஏணியில் ஏறி அங்கே வந்த அணி ஒன்றுகூட அந்த எட்டில் இல்லை. இரண்டு மாதத் திருவிழா என்று தொடங்கிய அது, 2019இல் நாட்டின் முதல்நிலை லீக் ஆக்கப்பட்டது. அதுவரை முதல்நிலையாக இருந்த ஐ-லீக், ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. அணிகள் தரமிறங்குவதை உலகம் அறியும். ஒரு லீக் முழுவதும் கூட்ட அறை ஒன்றில் தரமிறக்கப்பட்டதை இந்தியா கண்டது.

இதன் விளைவை ஒவ்வொரு சாம்பியனாக எண்ணிப் பார்க்கலாம். ஐ-லீக்கைக் கீழிறக்கும் திட்டம் வெளிப்பட்டவுடன், 2016இல் கோவாவின் டெம்போ, சல்கோக்கர், ஸ்போர்ட்டிங் ஆகிய மூன்று கிளப்புகளும் எதிர்ப்புத் தெரிவித்து விலகின. அந்த வெற்றிடத்தால், முந்தைய பருவத்தில் தரமிறங்கிய மிசோரமின் ஐசால் எஃப்சி திரும்ப அழைக்கப்பட்டு, 2016-17இல் சாம்பியன் ஆயிற்று. மேலே செல்ல அதற்கு வழி இருக்கவில்லை. 2017-18இல் மினர்வா பஞ்சாப் வென்றது, வழி இல்லை. 2018-19இல் கோயம்புத்தூர் நேரு மைதானத்தைச் சொந்தக் களமாகக் கொண்ட சென்னை சிட்டி எஃப்சி, 43 புள்ளிகளுடன், ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பின்தள்ளி வென்றது. ஒரு தமிழ்நாட்டுக் கிளப் நாட்டின் முதல்நிலை லீக்கை லீக் முறையிலேயே வென்ற அந்த ஆண்டோடு, அந்த லீக் முதல்நிலையாக இருப்பதும் முடிந்தது. 2020-21 பருவத்துக்குப் பின் அந்தக் கிளப் தேசியப் போட்டிகளிலிருந்தே மறைந்துவிட்டது. 2019-20இன் சாம்பியன் மோகன் பகான் மேலே சென்றது. ஆனால் வென்றதால் செல்லவில்லை, இன்னொரு கிளப்புடன் இணைந்ததால் சென்றது.

2020-21, 2021-22 ஆகிய இரு பருவங்களிலும் கோழிக்கோட்டின் கோகுலம் கேரளா வென்றது. ஐ-லீக் என்ற பெயர் வந்த பிறகு பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்ட முதல் அணி அதுவே. 2022 மே 14 அன்று கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் முகமதன் ஸ்போர்ட்டிங்கை வீழ்த்தி இரண்டாவது பட்டத்தைப் பெற்றது. நான்கே நாட்களில், அதே மைதானத்தில், ஏஎஃப்சி கோப்பைக்கான ஆட்டத்தில் சூப்பர் லீக்கின் ஏடிகே மோகன் பகானை 4-2 என்று தோற்கடித்தது. இரண்டாம் நிலை என்று முத்திரை குத்தப்பட்ட சாம்பியன், முதல்நிலையின் பணக்கார அணியை அதன் வீட்டிலேயே வீழ்த்திய பின்னும், அடுத்த பருவத்தில் அது ஆடியது ஐ-லீக்கில்தான். 2016-17 முதல் 2021-22 வரை ஆறு பருவங்கள். வென்றதன் பலனாக மேலே சென்ற சாம்பியன் ஒருவர்கூட இல்லை.

மொழியியல் மாணவர்க்கு இங்கே ஜே. எல். ஆஸ்டின் நினைவுக்கு வருவார். சில கூற்றுகள் உலகை விவரிப்பதில்லை. சொல்லப்படுவதாலேயே ஒரு செயலை நிகழ்த்துகின்றன. ‘இந்தக் கப்பலுக்கு இப்பெயரிடுகிறேன்’ என்பது போன்ற அக்கூற்றுகள் பலிக்க வேண்டுமானால், அவற்றைத் தாங்கி நிற்கும் நிறுவன ஏற்பாடு ஒன்று வேண்டும். ஓர் அணியைச் சாம்பியன் என்று அறிவிப்பதும் அத்தகைய செயலே. அந்தச் சொல்லுக்குள் ஒரு வாக்குறுதி இருக்கிறது: நீ வென்றாய், ஆகவே இனி உன் இடம் மாறும். தாங்கும் ஏற்பாடு இல்லாத இடத்தில் அந்த அறிவிப்பு பலிக்காத கூற்றாகிறது. கோப்பை கையில் இருக்கிறது; காகிதத் துண்டுகள் வானத்திலிருந்து பொழிகின்றன; நிகழ வேண்டியது மட்டும் நிகழவில்லை. ஐசாலுக்கும் கோவைக்கும் கோழிக்கோட்டுக்கும் நடந்தது இதுதான்.

ஏணி வரும் என்ற வாக்குறுதி இல்லாமல் இல்லை. 2019 அக்டோபரில் கோலாலம்பூரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் முன்னிலையில் ஒரு வழிவரைபடம் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதன்படி 2022-23 முதல் ஐ-லீக் சாம்பியன் பங்கேற்புக் கட்டணம் இன்றி மேலே செல்லலாம். 2024-25 முதல் மேலேற்றமும் கீழிறக்கமும் முழுமையாக நடக்க வேண்டும். முதல் பாதி நிறைவேறியது. பஞ்சாப் எஃப்சியும் பின்னர் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் மேலே வந்தன. இரண்டாம் பாதி நிறைவேறவில்லை. 2023-24இல் 22 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றியுடன் கடைசி இடம் பிடித்த ஐதராபாத் எஃப்சி கீழே இறங்கவில்லை. அடுத்த ஆண்டு இறுதியில் வேறு ஊருக்குச் சென்றது. 2024-25இல் கடைசி இடம் பிடித்த முகமதனும் இறங்கவில்லை. அதே ஆண்டில் ஐ-லீக் பட்டத்துக்கு உரியவர் யார் என்பதே ஏப்ரலில் மைதானத்தில் முடிவாகவில்லை. கோப்பை சர்ச்சில் பிரதர்ஸுக்கு வழங்கப்பட்ட பின், ஜூலையில் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள விளையாட்டு நடுவர் மன்றம் இன்டர் காசியைச் சாம்பியன் என்று தீர்ப்பளித்தது. வழிவரைபடம் இருந்தது, வழிதான் இல்லை.

ஏணியை மறுக்கும் தரப்புக்கும் வாதங்கள் உண்டு. அவற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. முதலாவது, முதலீடு. சூப்பர் லீக் வந்த பின் ஆடுகளங்களின் தரம் உயர்ந்தது, ஒளிபரப்பு மேம்பட்டது, வீரர்களின் ஊதியம் கூடியது, பயிற்சியும் மருத்துவமும் தொழில்முறைக்கு வந்தன. ஆண்டுதோறும் இழப்பைச் சந்தித்தும் உரிமையாளர்கள் பணம் போட்டார்கள். கீழே விழும் அச்சம் இருந்தால் யார் பணம் போடுவார் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு தந்த பலன் என்ன? 2025 ஜூலை 11 அன்று லீக்கை நடத்திவந்த நிறுவனம், டிசம்பர் 8இல் ஒப்பந்தம் முடிவதைக் காரணம் காட்டி, பருவத்தை ‘நிறுத்திவைப்பதாக’ அறிவித்தது. ஆகஸ்டில் சென்னையின், பெங்களூரு, ஒடிசா ஆகிய கிளப்புகள் முதல் அணியின் செயல்பாட்டையோ ஊதியத்தையோ நிறுத்திவைத்தன. அக்டோபரில் விடப்பட்ட வணிக உரிமைக்கான ஏலத்தில், நவம்பர் 7 கெடு முடிந்தபோது ஒரு விண்ணப்பம்கூட வந்திருக்கவில்லை. அதே அக்டோபரில் இந்திய அணி மார்கோவாவில் சிங்கப்பூரிடம் தோற்று 2027 ஆசியக் கோப்பைக்கான வாய்ப்பையும் இழந்தது. கீழே விழாமல் காக்கப்பட்ட லீக், முழுதாக நின்றே போயிற்று. அணிகளுக்கு அளித்த காப்பு லீக்கைக் காக்கவில்லை.

தொடக்கக் காலத்தில் காப்பு வேண்டும் என்ற வாதத்துக்கு ஜப்பான் பதில் சொல்கிறது. ஜே லீக் 1993இல் பத்துக் கிளப்புகளுடன், கீழிறக்கம் இல்லாமல் தொடங்கியது. 1999இல் இரண்டாம் பிரிவு தொடங்கப்பட்டு ஏணி திறந்தது. ஆறு ஆண்டுகள் காப்பு, அதன்பின் விதி. சூப்பர் லீக் பன்னிரண்டாம் ஆண்டில் நிற்கிறது. குழந்தை நடக்கப் பழகும்வரை கைப்பிடிப்பதைக் குறை சொல்வாரில்லை. மீசை முளைத்த பிறகும் இடுப்பில் சுமந்தால் குறை சுமப்பவரிடம் இருக்கிறது.

இரண்டாவது வாதம்: சிறிய கிளப்புகளால் மேல்நிலையின் செலவைத் தாங்க முடியாது, மேலேற்றுவது அவற்றை அழிப்பதற்குச் சமம். முகமதனின் கடைசி இடத்தை இதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் அந்தச் சான்று எதிர்த்திசையில் பேசுகிறது. தாங்க முடியாத உயரத்தில் ஏறிய அணிக்கு, மானத்தோடு இறங்கி, கடனை அடைத்து, மறுபடி ஏறும் வழி வேண்டும். ஏணி இரு திசையிலும் பயன்படுவதால்தான் அதற்கு ஏணி என்று பெயர். ஏற மட்டும் உதவுவது பொறி.

மூன்றாவது வாதம் வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை, நடத்தையில் தெரிகிறது. ரசிகர்கள் இதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை, நட்சத்திர வீரர் வந்தால் மறந்துவிடுவார்கள் என்பது அது. இதைவிடப் பெரிய தவறு கிடையாது. மோகன் பகானின் பெயருக்கு முன்னால் ஒட்டப்பட்ட மூன்று எழுத்துகளை நீக்கக் கோரி அதன் ரசிகர்கள் மூன்று பருவங்கள் போராடினார்கள். 2023 மார்ச்சில் அணி கோப்பையை வென்ற இரவில்தான் உரிமையாளர் இணங்கினார். 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பன்னிரண்டு பெரிய கிளப்புகள் தங்களுக்குள் மூடிய லீக் ஒன்றை அறிவித்தபோது, இங்கிலாந்தின் ரசிகர்கள் தெருவில் இறங்கி இரண்டே நாட்களில் அதைக் கலைத்தார்கள். தமக்கு மேலதிக ஆட்டங்களைத் தரவிருந்த திட்டத்தைத்தான் அவர்கள் எதிர்த்தார்கள். தம் அணி கீழே விழவும் கூடும் என்ற உண்மையே தம் அணியின் வெற்றிக்குப் பொருள் தருகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து பார்க்கும்போது இந்தக் கதை இன்னும் கூர்மையாகிறது. இந்த நகரத்தின் கால்பந்து, கிளப்புகளைவிட அலுவலகங்களில் வளர்ந்தது. கேரளக் காவல்துறை, கொச்சுவேளியின் டைட்டானியம் ஆலை, ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர், மின்வாரியம் ஆகியவற்றின் அணிகளில் ஆடியவர்களுக்கு ஆட்டத்தோடு வேலையும் கிடைத்தது. கேரளக் காவல்துறை அணி 1990இலும் 1991இலும் ஃபெடரேஷன் கோப்பையை அடுத்தடுத்து வென்றது, வி. பி. சத்யன், ஐ. எம். விஜயன், சி. வி. பாப்பச்சன், யு. ஷரஃபலி ஆகியோர் அதில் ஆடினர். பூஜப்புரையில் தலைமையகம் கொண்டிருந்த திருவாங்கூர் வங்கியின் அணி, தேசிய லீக்கின் முதல் பிரிவு வரை ஏறி ஆடியது. பெரிய முதலாளியோ நட்சத்திர நடிகரோ இல்லாத ஓர் அலுவலக அணி ஆட்டத்தின் பலத்தால் அங்கே சென்றது. 2017 ஏப்ரல் 1 அன்று அந்த வங்கி பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைக்கப்பட்டபோது, அந்தப் பெயரும் களத்திலிருந்து போயிற்று. அலுவலக அணிகளின் காலம் பொற்காலம் என்று புகழ வேண்டியதில்லை. அவை பார்வையாளரை வளர்க்கவில்லை, இளையோர் பயிற்சியில் அக்கறை காட்டவில்லை, வேலைக்குச் சேர்ந்த வீரரின் ஆசை ஓய்வூதியத்தோடு அடங்கிவிடுவதும் உண்டு. ஆனால் அவற்றுக்கு முன்னால் ஏணி இருந்தது. இன்று அவற்றின் இடத்தில் வந்திருப்பவற்றுக்கு அது இல்லை.

2024இல் ஆறு அணிகளுடன் தொடங்கிய சூப்பர் லீக் கேரளாவில் தலைநகரின் பெயரைச் சுமப்பது திருவனந்தபுரம் கொம்பன்ஸ். பாளையத்தின் சந்திரசேகரன் நாயர் மைதானத்தில் பல ஆண்டுகளுக்குப் பின் இரவு விளக்கில் கூட்டம் கூடியது; பிரேசில் வீரர்கள் ஆடினார்கள்; குடும்பங்கள் வந்தன. இது நல்லது, இதை இகழ்வது அறிவுடைமையன்று. ஆனால் கொம்பன்ஸ் நாளை அந்த லீக்கை வென்றால் என்ன நடக்கும்? மறு ஆண்டு அதே லீக்கில் ஆடும். தேசிய ஏணியின் கீழ்ப்படிக்குச் செல்லும் வழி கேரள பிரீமியர் லீக் என்ற வேறொரு போட்டியின் ஊடாகச் செல்கிறது. அந்தப் போட்டிக்கு விளம்பரமும் கூட்டமும் குறைவு. கூட்டம் இருக்கும் இடத்தில் ஏணி இல்லை; ஏணி இருக்கும் இடத்தில் கூட்டம் இல்லை. சென்னையிலும் டெல்லியிலும் நடந்த பிழை மாநில அளவில் அச்சுப் பிசகாமல் நகலெடுக்கப்பட்டிருக்கிறது.

காரியவட்டத்தின் கதை இதைவிடக் கசப்பானது. கேரளப் பல்கலைக்கழகத்தின் நிலத்தில் எழுந்த கிரீன்ஃபீல்டு மைதானம் 2015 ஜனவரி இறுதியில் தேசிய விளையாட்டுப் போட்டிகளின் தொடக்க விழாவைக் கண்டது. 2016 ஜனவரி 3 அன்று அங்கே நடந்த தெற்காசியக் கோப்பையின் இறுதியாட்டத்தில், சுனில் சேத்ரி கூடுதல் நேரத்தில் அடித்த கோலால் இந்தியா ஆப்கானிஸ்தானை 2-1 என்று வென்றது. 2017 நவம்பர் முதல் அந்த மைதானம் சர்வதேசக் கிரிக்கெட்டின் களமாக அறியப்படுகிறது. கிரிக்கெட்டின் மீது குற்றம் இல்லை. வாடகை தரக்கூடிய நிலையான லீக் ஒன்று தலைநகரில் இருந்திருந்தால், கால்பந்துக்கும் அங்கே நாள்கள் ஒதுக்கப்பட்டிருக்கும். ஒரு நகரத்துக்கு மேலே ஏறும் வாய்ப்பை மறுக்கும்போது, அதன் மைதானமும் மெல்லக் கைநழுவுகிறது. பல்கலைக்கழக நிலத்தில் எழுந்த மைதானத்தின் வாசலைக் கடந்து நாள்தோறும் வகுப்புக்குச் செல்லும் ஆய்வாளர்களும் ஆசிரியர்களும் இதை ஆய்வுப் பொருளாகக்கூட எடுத்துக்கொள்ளாதது வியப்பு. சமூகவியலுக்கும் பொருளாதாரத்துக்கும் சட்டத்துக்கும் இதைவிடச் செழுமையான களம் இந்த நகரத்தில் அரிது.

நகரத்தின் தெற்கே போனால் பொழியூர் வருகிறது. கடலோரத்தில் மாநில எல்லை எங்கே முடிகிறது என்று பந்துக்குத் தெரியாது. பொழியூரில் தொடங்கி, எல்லை தாண்டி, குமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை வரை மீனவ ஊர்கள் மணலில் கால்பந்தோடு வளர்கின்றன. பேச்சில் மலையாளமும் தமிழும் கலந்தே ஒலிக்கின்றன. 2018இல் கொல்கத்தாவில் வங்கத்தைப் பெனால்டியில் வென்று சந்தோஷ் கோப்பையைக் கொண்டுவந்த கேரள அணியில் பொழியூரின் சீசன் இருந்தார். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டியில் ஆடி, அங்கிருந்து ஜாம்ஷெட்பூருக்குச் சென்று சூப்பர் லீக்கில் புகழ்பெற்றார். தனி வீரர் மேலே போகலாம். ஏணி தனி வீரருக்குத் திறந்திருக்கிறது. அவரை வளர்த்த ஊரின் அணிக்கும் மாவட்டத்துக்கும் அவரை முதலில் ஆடவைத்த கிளப்புக்கும் அது மூடியிருக்கிறது. சூசைராஜ் மேலே போனார். சென்னை சிட்டி மறைந்தது. திறமையை உறிஞ்சிக்கொண்டு, அது பிறந்த இடத்தை உலரவிடும் அமைப்புக்கு வளர்ச்சி என்று பெயரிடுவது சொற்களைப் படிப்பவர்களால் ஏற்க முடியாதது.

நிர்வாகச் சண்டையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதற்கும் கேரளத்திலேயே சான்று உண்டு. 2022 ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தபோது, கோகுலம் கேரளாவின் மகளிர் அணி ஆசியக் கிளப் போட்டிக்காகத் தாஷ்கந்தில் இருந்தது. தடை பதினொரு நாட்களில் விலகியது. அதற்குள் அந்தப் பெண்களுக்குரிய போட்டி கைவிட்டுப் போயிற்று. களத்தில் எந்தத் தவறும் செய்யாதவர்கள் ஓர் ஆட்டமும் ஆடாமல் திரும்பினார்கள்.

ஆகவே புதிய பருவத்திடம் ரசிகர்கள் எதிர்பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, மேலேற்றமும் கீழிறக்கமும் அறிவிப்பாக இல்லாமல் விதியாக இருக்க வேண்டும். 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலைப் பெற்ற கூட்டமைப்பின் புதிய சட்டவிதிகள், முதல்நிலை லீக்கைக் கூட்டமைப்பே உடைமையாகக் கொண்டு நடத்துவதையும் மேலேற்றம், கீழிறக்கம் என்ற கொள்கைகளையும் அந்த லீக்கின் வரையறையிலேயே சேர்த்திருக்கின்றன. குறுகிய பருவம், தாமதம், இழப்பு என்ற காரணங்களைக் காட்டி ஆண்டுதோறும் அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவதற்கு இனி இடம் தரலாகாது. எவ்விதி பொருந்தும் என்பது முதல் பந்து உதைபடும் முன் எழுத்தில் இருக்க வேண்டும். கடைசிப் பந்து நின்ற பின் அன்று.

இரண்டு, சூப்பர் லீக் கேரளாவின் சாம்பியனுக்குத் தேசிய ஏணியின் கீழ்ப்படியில் ஓர் இடம் வேண்டும். அதற்கு உரிமக் கட்டணம் போதாது. இளையோர் அணி, மகளிர் அணி, மைதான ஏற்பாடு என்ற தகுதிகளையும் நிபந்தனையாக வைக்கலாம். கொம்பன்ஸின் ரசிகருக்குக் கோப்பைக்கு அப்பால் காண்பதற்கு ஒரு தொடுவானம் கிடைக்கும்.

மூன்று, ஒரு கிளப்பின் பெயரும் நிறமும் ஊரும் அதன் பதிவுபெற்ற ரசிகர்களின் ஒப்புதல் இன்றி மாறக் கூடாது. ஜெர்மனி 1998 முதல் கிளப்பின் வாக்குரிமையில் பெரும்பான்மையை உறுப்பினர்களிடமே வைத்திருக்கிறது. அந்த அளவுக்கு இந்தியா உடனே செல்ல வேண்டியதில்லை. பெயர், நிறம், ஊர் என்ற மூன்றில் மட்டும் மறுப்புரிமை தந்தால் போதும். புனேயின் இடத்தில் ஐதராபாத், ஐதராபாத்தின் இடத்தில் டெல்லி, டெல்லியின் முந்தைய அணி புவனேஸ்வரத்தில் என்று உரிமம் ஊர்சுற்றும் நிலைக்கு அது முற்றுப்புள்ளி வைக்கும்.

இந்திய அணியின் இன்றைய தலைமைப் பயிற்சியாளர் காலித் ஜமீல். 2017இல் ஐசாலைச் சாம்பியன் ஆக்கியவர் அவரே. பயிற்சியாளர் மேலே வந்துவிட்டார். வென்ற அணி அங்கேயே நின்றது. இந்த ஒற்றை உண்மை இந்த அமைப்பைப் பற்றி எழுதக்கூடிய நூறு பக்கங்களுக்கு ஈடானது.

பிளாஸ்டர்ஸ் இம்முறை வெல்லலாம். பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தவர்களுக்கு அந்த மகிழ்ச்சி முழுதும் உரியது. ஆயினும் பருவம் முடியும் நாளில் புள்ளிப்பட்டியலை மேலிருந்து படிக்கும் வழக்கத்தை ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். பதினான்காம் இடத்தில் இருக்கும் அணிக்கு என்ன நடக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு ஒன்றும் நடக்கவில்லை என்றால், முதலிடத்தில் இருக்கும் அணிக்கும் ஒன்றும் நடந்துவிடவில்லை.